பின் ஆக்ஸில் எது? சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள்

கேள்வி: பழைய பிக்கப் வாங்கியிருக்கிறேன். வேகம் எடுக்கும்போது பின்னால் ஊளைச் சத்தம். கிரவுன் பினியன் (பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். உதிரிபாகக் கடையில் "எந்த ஆக்ஸில், என்ன ரேஷியோ?" என்று கேட்கிறார்கள். கதவோர ஸ்டிக்கரில் உள்ள குறியீட்டைச் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த அன்று என்ன ஆக்ஸில் இருந்தது என்பதைத்தான் ஸ்டிக்கர் சொல்லும். நடுவில் யாராவது ஆக்ஸிலையே மாற்றியிருந்தால் அதில் தெரியாது. நான் பட்டு அறிந்தது இது. ஸ்டிக்கரை நம்பி 3.55 ரேஷியோ கிரவுன் பினியன் செட் வரவழைத்தேன். கவரைக் கழற்றினால் கிரவுனில் 41 பல், பினியனில் 10. 41ஐ 10ஆல் வகுத்தால் ரேஷியோ 4.10. வண்டி நான்கு நாள் ஸ்டாண்டிலேயே நின்றது. பிழைப்புக்கு அந்த வண்டியை நம்பியிருந்தவர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கையால் எண்ணாமல் சாமான் சொல்வதில்லை.

முதலில் ஹவுசிங்கை, அதாவது ஆக்ஸிலின் நடுவில் புடைத்திருக்கும் கூட்டைப் பாருங்கள். பின்பக்கம் கவர் இருந்தால் போல்ட்டை எண்ணி, கவரின் வடிவத்தையும் போட்டோ எடுங்கள். எண்ணிக்கை மட்டும் ஏமாற்றும்: ஃபோர்டு 8.8 அங்குல ஆக்ஸிலுக்கும் (அங்குலம் என்பது கிரவுனின் விட்டம்) 10 போல்ட், டானா 60 என்ற ஆக்ஸிலுக்கும் 10 போல்ட். ஜிஎம்மின் 14 போல்ட்டிலேயே 9.5, 10.5 அங்குலம் என இரண்டு உண்டு. பின்கவரே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால், டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) முன்பக்கமாகக் கழன்று வரும் வகை. ஃபோர்டு 9 அங்குலமும் ஹைலக்ஸும் அப்படித்தான். கவர் போல்ட்டில் சின்னத் தகடு தொங்கினால் துடைத்துப் படியுங்கள். ஃபோர்டு தகட்டில் 3எல்73 என்றிருந்தால் ரேஷியோ 3.73, நடுவில் உள்ள 'எல்' லிமிடெட் ஸ்லிப்பை, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலைக் குறிக்கும்.

தகடு இல்லையா? எண்ணிவிடலாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்டபடி இருக்கப்போகிறது. வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டைதான். ஃபோர் வீல் வண்டியானால் டூ வீலுக்கு மாற்றுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கவே கூடாது. டயரிலும், ஆக்ஸிலுக்கு இன்ஜின் பக்கமிருந்து வரும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் சக்கரத்தை 20 சுற்று சுற்றட்டும், இன்னொருவர் ஷாஃப்டை எண்ணட்டும். மறு சக்கரம் தரையில் நிற்பதால் இந்த 20 சுற்றுக்குக் கிரவுன் 10 சுற்றுதான் போகும். ஷாஃப்ட் 35½ சுற்றினால் 3.55, 37¼ என்றால் 3.73, சரியாக 41 என்றால் 4.10. இரண்டே சுற்றில் முடித்தால் 3.55க்கும் 3.73க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. சிரமம் பார்க்காமல் 20 சுற்றுங்கள்.

சக்கரம் சுற்றவே மறுத்தால் லிமிடெட் ஸ்லிப்பாக இருக்கலாம். அப்போது இரண்டு பக்கமும் தூக்கி, இரண்டு சக்கரமும் ஒரே திசையில் சேர்ந்து சுற்றும்படி 10 சுற்று சுற்றுங்கள், கணக்கு அதேதான்.

எப்படியும் கவரைத் திறக்கப்போகிறீர்கள். கிரவுனையும் பினியனையும் பல் பல்லாக எண்ணிய பிறகே பணம் கொடுங்கள். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஃபோர் வீல் வண்டியில் முன் ஆக்ஸில் ரேஷியோவும் இதோடு ஒத்துப்போக வேண்டும். பேரிங்கையும் கையோடு பாருங்கள். ஊளைக்கு அதுவும் காரணமாக இருக்கும்.

கேள்வி: பின் ஆக்ஸிலில் கியர் ஆயில் மாற்றியதிலிருந்து, மெதுவாக வளையும்போது கடகடவென்று அதிர்கிறது. ஏன்?

பதில்: உங்களுடையது கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப்பாக இருக்க வேண்டும். ஊற்றிய ஆயிலில் அதற்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (தட்டுகள் பிடித்துப் பிடித்து விடாமல் வழுக்க உதவும் சேர்க்கை) இருந்ததா என்று டப்பாவைப் பாருங்கள். இல்லையென்றால் வண்டிக் கையேட்டில் சொன்ன அளவு சேர்த்து, காலி இடத்தில் மெதுவாக 'எட்டு' போட்டு ஓட்டுங்கள். தட்டுகளுக்கிடையில் அது இறங்கியதும் அதிர்வு அடங்கும்.