இரண்டு சராசரிகள் வேறாக வந்தால், அந்த வித்தியாசத்தை நம்பலாமா?

இரண்டு மாதிரிகளின் சராசரி வேறு வேறாக வந்திருக்கிறது. அது நிஜ வித்தியாசமா, தற்செயலா? இதற்கு விடை தேடும் முறைதான் கருதுகோள் சோதனை.

அலுவலகத்துக்கு இரண்டு வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 5 நாள் போய்ப் பார்க்கிறீர்கள். சராசரி 42 நிமிடம், 38 நிமிடம். முதல் வழியே ஒரு நாள் 30, மறுநாள் 55 என்று ஆடினால் இந்த 4 நிமிடத்துக்கு மதிப்பில்லை. ஒன்று எப்போதும் 41-43க்குள், மற்றது 37-39க்குள் என்றால் கதை வேறு. சந்தை இரைச்சலில் காதில் விழாத கிசுகிசுப்பு நள்ளிரவில் தெளிவாகக் கேட்கிறதல்லவா, அதுபோல.

முதலில் ஒரு பேச்சுக்கு, இரண்டு வழியும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்வோம். அப்படியானால் 10 நேரங்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஐந்தைந்தாகப் பிரித்தாலும் இதேபோல் அடிக்கடி வர வேண்டும். பிரிக்க 252 விதம் உண்டு. 41-43, 37-39 என்று வந்ததுபோல், பெரியவை எல்லாம் ஒரு பக்கம், சிறியவை எல்லாம் மறுபக்கம் என்று விழுவது 2 விதத்தில் மட்டுமே. சுமார் 0.8 சதவீதம். இத்தனை அரிது என்பதால் 'ஒன்றுதான்' என்ற அனுமானத்தைக் கைவிடுகிறோம். எவ்வளவுக்குக் கீழே போனால் கைவிடுவது என்பதற்கு வழக்கமான எல்லை 5 சதவீதம். அது வெறும் வழக்கம்தான், இயற்கை விதியல்ல.

பிரபலமான டி-சோதனை இதையே சூத்திரத்தால் கேட்கிறது. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அதற்கு அடித்தளம் போட்டார். கையில் நாலைந்து மாதிரிதான் இருந்தால் என்ன செய்வது என்பதே அவர் கவலை.

பலர் நினைப்பதுபோல், இரண்டு வழியும் ஒன்றாக இருக்க 0.8 சதவீத வாய்ப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்றாக இருந்திருந்தால் இப்படியொரு முடிவு வருவதற்கான வாய்ப்புதான் அது.