அந்த அலறல் எங்கே போனது? – இஞ்சின் கேள்வி பதில்

ஃபோர்மியூலா வன் கார்கள் ஏன் முன்பு போலச் சத்தம் போடுவதில்லை என்று போன இதழில் ஒருவர் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் எழுதித் தப்பிவிடலாம் என்றிருந்தேன். விடவில்லை. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறைப் பக்கமிருந்தும் கடிதமும் வட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே. டயர், பற்றரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

யூடியூப்பில் 2004ஆம் ஆண்டு ரேஸைப் போட்டால் காது கிழிகிறது. இப்போதைய கார்கள் வேகமாகத்தான் போகின்றன, ஆனால் சத்தத்தில் உயிரில்லை. அப்படி இஞ்சின் செய்யத் தெரிந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்களா? – வாசகர், ஏறாவூர்

ஆட்கள் இருக்கிறார்கள், சட்டம்தான் மாறிவிட்டது. அந்தச் சத்தத்துக்காக ஆசைப்பட்டு யாரும் இஞ்சின் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரைவலு என்பது என்ன? இஞ்சின் தருகிற முறுக்கு விசையையும் அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும் பெருக்கினால் வருவது. ரேஸ் நடத்துகிறவர்கள் காலங்காலமாகப் பிடித்து இறுக்கி வந்தது இஞ்சினின் கொள்ளளவைத்தான், ஒரு காலத்தில் 1.5 லீட்டர், பிறகு 3 லீட்டர், பிறகு 2.4 லீட்டர் என்று. கொள்ளளவு இவ்வளவுதான், டேர்போவும் (புகையின் விசையில் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) கூடாது என்றால் ஒரு சுற்றில் உள்ளே போகிற காற்றின் அளவு கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது, அதற்கேற்ற பெற்றோலைத்தான் எரிக்கலாம், ஆகவே கூடுதல் வலு வேண்டுமென்றால் அதே வேலையை ஒரு நிமிடத்துக்குள் இன்னும் அதிக தடவை செய்ய வேண்டும். எல்லாக் கொம்பனியும் ஓடியது இந்த ஒரே பாதையில்.

1967இல் ஒல்லாந்தின் சான்ட்வூர்ட் ஓடுதளத்தில் ஜிம் கிளார்க் ஓட்டி முதல் ரேஸிலேயே வென்ற கொஸ்வேர்த் கொம்பனியின் டி.எஃப்.வி, 3 லீட்டர் வி8 (எட்டு சிலிண்டர்கள் ‘V’ வடிவில்), நிமிடத்துக்குச் சுமார் 9,000 சுற்றுகள். அது மொத்தம் 155 ரேஸ்களை வென்ற இஞ்சின், அந்தக் காலத்துக்கு அது பெரிய வேகம். 2002இல் அதே 3 லீட்டரில் பி.எம்.டபிள்யூவின் வி10, மொன்சா ரேஸில் 19,000ஐத் தாண்டியது. 2006இல் கொள்ளளவை 2.4 லீட்டராக, வி8ஆகக் குறைத்தார்கள். கொஸ்வேர்த் அசரவில்லை, வில்லியம்ஸ் காரில் 20,000 வரை சுற்றவிட்டது. செலவும் வேகமும் எங்கே போய் நிற்கும் என்ற பயம் வந்து, 2007இல் 19,000, 2009இல் 18,000 என்று உச்சவரம்பு போட்டார்கள்.

இவ்வளவும் நடந்தபோது சத்தம் இருந்தது. அது போனது 2014இல். அந்த வருடம் 1.6 லீட்டர் வி6 டேர்போவோடு மின்மோட்டாரையும் கொண்டுவந்து, கூடவே எரிபொருளுக்கும் பூட்டுப் போட்டார்கள். மணிக்கு 100 கிலோவுக்கு மேல் இஞ்சினுக்குள் போகக் கூடாது, ரேஸ் முழுவதற்கும் அப்போது 100 கிலோதான். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்து பைக்குக்குக் கிழமைக்கு 4 லீட்டர் என்றபோது நாமெல்லாம் எப்படி ஓடினோம் என்று நினைத்துப் பாருங்கள், யாராவது கியர் மாற்றாமல் முறுக்கிக்கொண்டு போனோமா? அதே கதைதான் அங்கேயும். மணிக்கு 100 கிலோ என்ற வரம்பு 2025 வரை இருந்தது, 10,500 சுற்றிலேயே அது வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு சுற்றினாலும் மேலதிகமாக ஒரு சொட்டுக் கூடக் கிடைக்காது, உராய்வு மட்டும் கூடும். சட்டப் புத்தகம் 15,000 வரை அனுமதித்தும் ஓட்டுநர்கள் பெரும்பாலும் 12,000க்குக் கிட்டவே கியரை மாற்றிவந்தது அதனால்தான். கண்டிப்பும் சும்மா இல்லை. 2014இன் முதல் ரேஸில், மெல்பேர்னில், இரண்டாவதாக வந்த டானியல் ரிக்கார்டோவை இந்த எரிபொருள் வரம்பை மீறிய குற்றத்துக்காகவே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ரசிகர்கள் சத்தம் போனதென்று சத்தம் போட்டதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2014 மே மாதம் பார்சலோனாவில் நடந்த பரிசோதனை ஓட்டத்தில் மெர்சிடிஸ் காரின் புகைக்குழாய் வாயில் நாதஸ்வர அணைசு மாதிரி விரிந்த ஒரு குழலைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்ததே தவிர வேறு பலனில்லை. வெளியே வருகிற புகையின் சக்தியில் பெரும்பங்கை டேர்போ ஏற்கெனவே உறிஞ்சிவிடுகிறது, மிச்சத்தில் எங்கிருந்து சத்தம் வரும்?

18,000 சுற்றில் முதலில் உடைவது பிஸ்டனா, வேறு ஏதாவதா? ஏ.எல். பௌதிகவியல் படிக்கிறேன், கணக்கோடு சொன்னால் நல்லது. – மாணவி, கல்முனை

கணக்கோடு சொல்கிறேன் தங்கச்சி. 18,000 என்றால் ஒரு செக்கனுக்கு 300 சுற்று. அந்த 2.4 லீட்டர் வி8இல் சிலிண்டரின் விட்டம் 98 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 40 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்குகிறது, ஆகவே சராசரி வேகம் செக்கனுக்கு 24 மீற்றர் அளவில் வரும். இது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் உச்சியில் நின்று திரும்புகிற இடத்தில் ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போல 8,000 மடங்குக்கும் மேல். கால் கிலோ பிஸ்டன் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டான கனெக்டிங் ரொட் ஒவ்வொரு சுற்றிலும் 2 தொன் இழுவையைத் தாங்குகிறது.

இதை எப்படியோ சமாளித்துவிட்டார்கள், தூரத்தைக் குறைத்து விட்டத்தைக் கூட்டினால் போதும். நம்மூர்த் தெருவில் ஓடுகிற 100 சிசி ஹீரோ ஹோண்டாவில் விட்டம் 50, தூரம் 49.5, கிட்டத்தட்டச் சமம். ரேஸ் இஞ்சினில் விட்டம் தூரத்தைவிட இரண்டரை மடங்கு. அகன்ற சிலிண்டரில் வால்வுகளுக்கும் (காற்றும் புகையும் போய்வரும் கதவுகள்) நிறைய இடம் கிடைக்கிறது.

நெடுங்காலம் கையைக் கட்டிப்போட்டிருந்தது வால்வு ஸ்பிரிங். கேம் என்ற சுழலும் முட்டை வடிவத் துண்டு வால்வைத் தள்ளித் திறக்கும், மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. 18,000இல் ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 150 தடவை திறந்து மூட வேண்டும். உருக்கு ஸ்பிரிங்குக்கும் சொந்தமாக ஒரு எடை இருக்கிறது, அதற்கென்று ஒரு இயல்பதிர்வெண்ணும் இருக்கிறது, வேகம் கூடக் கூடச் சுருள்களுக்குள்ளேயே அலை ஓடி, கேமின் வளைவை விட்டு வால்வு மிதக்கத் தொடங்கும். நேரத்துக்கு மூடாத வால்வை ஏறி வருகிற பிஸ்டன் அடித்தால் கதை முடிந்தது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கலாமே என்பீர்கள். கடினமாக்கினால் அதன் எடையும் கேமின் தேய்மானமும் கூடும்.

ஸ்பிரிங்கே வேண்டாம், மூடுவதற்கும் ஒரு கேம் வைக்கலாம் என்று 1954இல் மெர்சிடிஸ் செய்து காட்டியது, டுக்காட்டி பைக்குகள் பலவற்றில் இன்றும் அந்த ஏற்பாடுதான். ஃபோர்மியூலா வன்னில் வென்ற வழி வேறு. 1986இல் அயர்டன் சென்னா ஓட்டிய லோட்டஸ் காரின் ரெனோ இஞ்சினில், உருக்குச் சுருளை எடுத்துவிட்டு ஒவ்வொரு வால்வின் தண்டைச் சுற்றியும் சின்ன அறை வைத்து அதற்குள் அழுத்தமேற்றிய வாயுவை அடைத்தார்கள். வாயுவுக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, சுருளில் ஓடியது போல அலை ஓடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்பதால் காரிலேயே ஒரு சின்ன நைதரசன் போத்தல் இருக்கும். அந்த அழுத்தம் போனால் வால்வுகள் பிஸ்டன் மேலேயே இறங்கிவிடும், இஞ்சினை அள்ளிக் கூடையில் போட வேண்டியதுதான். என்னைக் கேட்டால் 9,000க்கும் 19,000க்கும் இடையில் நின்ற சுவரை உடைத்தது இந்த ஒரு கண்டுபிடிப்புத்தான்.

என் லேண்ட்மாஸ்டர் எத்தனையோ போகம் உழுதுவிட்டது, இன்னும் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகும். கோடிக்கணக்கில் செலவழித்த ரேஸ் இஞ்சின் ஒரு ஓட்டத்தோடு போய்விடுமாமே? – வயற்காரர், அக்கரைப்பற்று

காக்கா, உங்கள் லேண்ட்மாஸ்டர் டீசல் 2,000 சொச்சம் சுற்றில் ஆற அமர ஓடுகிறது. அதைச் செய்தவருக்குக் கிடைத்த உத்தரவே சேற்றிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும் என்பது. ரேஸ் இஞ்சினுக்கு முன்பெல்லாம் அப்படி ஓர் உத்தரவே இல்லை. தகுதிச் சுற்றுக்கு ஒரு இஞ்சின், அதைக் கழற்றிவிட்டு ரேஸுக்கு வேறொன்று என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். கொடி விழுந்த பிறகு அது உடைந்தால் யாருக்கும் கவலையில்லை. 2004இல் ஒரு வார இறுதிக்கு ஒரே இஞ்சின் என்றார்கள், 2005இல் அதே இஞ்சின் இரண்டு ரேஸ் ஓட வேண்டும் என்றார்கள், 2009இல் வருடத்துக்கு 8, 2014இல் 5, 2018இல் 3. தெரியாமல் செய்ததில்லை, கேட்டால் நீடிக்கிற மாதிரியும் செய்வார்கள். 2017இல் மெர்சிடிஸ் தன் இஞ்சினைப் பரிசோதனைக்கூடத்தில் ஓட்டி, எரிபொருளின் சக்தியில் 50 வீதத்துக்கு மேல் பயனாக மாற்றிவிட்டதாக அறிவித்தது. அன்று ரோட்டில் ஓடிய எந்தப் பெற்றோல் காரும் அதற்குக் கிட்ட வரவில்லை.

ஹோண்டா பைக் அறுபதுகளிலேயே 20,000 சுற்றியது என்று அப்பா சொல்கிறார். அவருடைய பழைய ஹோண்டா 90 மேல் உள்ள பாசத்தில் அளக்கிறாரா? – வாசகர், களுவாஞ்சிகுடி

அப்பா சொன்னது சரி. மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். சிலிண்டர் சின்னதானால் உள்ளே ஓடுகிற உறுப்புகளும் எடை குறையும், எடை குறைந்தால் வேகமாகச் சுற்றலாம். ஹோண்டா இதைக் கடைசி எல்லை வரை கொண்டு போனது. 125 சிசியை ஐந்தாகப் பிரித்து, 25 சிசி வீதம் ஐந்து சிலிண்டர்! 1966இல் லூய்ஜி டவேரி அதில் உலகச் சம்பியன் ஆனார், 20,000ஐத் தாண்டிச் சுற்றிய இஞ்சின் அது, அதுவும் வாயு வால்வு வருவதற்கு இருபது வருடத்துக்கு முன்பு, வெறும் உருக்கு ஸ்பிரிங்கில். 250 சிசியில் ஆறு சிலிண்டர் வைத்த பைக்கை மைக் ஹெயில்வுட் ஓட்டி 1966, 1967 இரண்டிலும் வென்றார். கார்ப் பக்கம் 1965இல் மெக்சிகோவில் ரிச்சி கிந்தர் ஹோண்டாவுக்கு முதல் வெற்றி வாங்கிக் கொடுத்ததும் 1.5 லீட்டரைப் பன்னிரண்டாகப் பிரித்த இஞ்சினில்தான்.

பிறகு பைக் ரேஸில் சிலிண்டர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் போகிறார்கள் என்றதும், 1967 முடிவோடு ஹோண்டா விலகிக்கொண்டது. 1979இல் திரும்பி வந்தபோது நான்கு சிலிண்டர்தான் என்ற சட்டத்தைச் சுற்றிப் போவதற்கு, வட்டப் பிஸ்டனை நீள்வட்டமாக இழுத்து, சிலிண்டருக்கு எட்டு வால்வு என்று வைத்தது. அந்த என்.ஆர்.500 ஓர் உலகச் சம்பியன்ஷிப் ரேஸைக் கூட வெல்லவில்லை. எனக்கு அதன் மேல் இருக்கிற மரியாதை மட்டும் குறையவே இல்லை.

என் 200 சிசி பைக்கின் சைலன்சரைத் திறந்துவிட்டால் ரேஸ் கார் சத்தம் வருமா? – தம்பி ஒருவர், கல்லடி

வராது தம்பி. ஒற்றைச் சிலிண்டர் 9,000 சுற்றில் செக்கனுக்கு 75 தடவை வெடிக்கிறது. 19,000இல் ஓடிய வி10 செக்கனுக்கு 1,580 தடவைக்கு மேல், உங்களுடையதைப் போல 21 மடங்கு. 18,000இல் வி8 என்றால் 1,200. இப்போதைய வி6 12,000இல் 600தான், வி8இன் சரி பாதி, சங்கீதக் கணக்கில் ஒரு ஸ்தாயி கீழே. கீச்சென்ற அந்தச் சுருதி வருவது வெடிப்பின் எண்ணிக்கையிலிருந்து, சைலன்சரை வெட்டினால் அதே 75தான் இன்னும் உரத்துக் கேட்கும். பாலத்தில் பொலிஸ் நிற்கும் நாளில் அதற்குத் தனிக் கணக்கு. சுற்றைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரைத் தூக்கிவிடும் யோசனை இருந்தால் மேலே தங்கச்சிக்கு எழுதிய பதிலை ஒரு தடவை வாசியுங்கள், உங்கள் பைக்கில் இருப்பதும் உருக்கு ஸ்பிரிங்தான்.

வால்வே இல்லாமல் ஒரு இஞ்சின் லீ மான்ஸ் 24 மணி நேர கார் ரேஸை வென்றதாமே? – வாசகர், வாழைச்சேனை

ஆம், 1991இல் மஸ்டா 787பி. நான்கு ரோட்டர் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண உறுப்பு), 2.6 லீட்டர், பிஸ்டனும் இல்லை வால்வும் இல்லை. சுற்று வேகம் 9,000 அளவில்தான், ஆனால் 24 மணி நேரம் தாங்கியது.

வி10 திரும்பி வருமா? – வாசகர், திருக்கோவில்

2025இல் சர்வதேச மோட்டார் சம்மேளனத் தலைவர் மொஹமட் பென் சுலாயெம் அந்தப் பேச்சை எடுத்தார், ரசிகர்கள் துள்ளினார்கள். நான் துள்ளவில்லை. 2026 சட்டத்திலும் 1.6 லீட்டர் வி6தான், மொத்த வலுவில் பாதிக்குக் கிட்ட மின்சாரம். பைக் பக்கம் பாருங்கள், மோட்டோ ஜிபியில் 2012இலேயே சிலிண்டர் விட்டம் 81 மி.மீ.க்கு மேல் கூடாது என்று போட்டார்கள், 2027இல் 850 சிசி, விட்டம் 75. விட்டத்தைக் கட்டினால் சுற்றும் தானாகக் கட்டுப்படும். சட்டம் எழுதுகிறவர்களும் பொறியியல் படித்தவர்கள்தான்.

தமிழர் யாராவது அந்த வி10 ஓட்டியிருக்கிறார்களா? – வாசகர், செங்கலடி

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005இல், 3 லீட்டர் வி10கள் கட்டுப்பாடின்றி ஓடிய கடைசி வருடத்தில், ஜோர்டன் அணிக்காக டொயோட்டா வி10 ஓட்டினார். அந்த வருடம் இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர் போட்ட கார்கள் எல்லாம் பாதுகாப்புப் பிரச்சினையால் ஒதுங்கிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடிய ரேஸில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஆறு பேரில் நான்காவது என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், புள்ளி புள்ளிதான்.