அரிவாள் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நாங்குநேரியில் கூடப் படித்தவனை வீடு தேடிப் போய் வெட்டியவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். அந்த வயதில் இவ்வளவு வெறி எப்படி வரும்? எங்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்டால் செல்போன், சினிமா என்று முடித்துவிடுகிறார்கள்.
- ஓர் ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: செல்போன் எல்லா ஊர்ப் பையன்களிடமும்தான் இருக்கிறது டீச்சர், எல்லாரும் அரிவாள் தூக்கவில்லையே. 2023 ஆகஸ்டில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். வள்ளியூரில் பிளஸ் டூ படித்த தலித் மாணவன், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்துகிறான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரிக்கிறார்கள், விஷயம் வெளியே வருகிறது, அவன் தரப்பில் புகார் எழுதித் தருகிறார்கள். ஆகஸ்ட் 9, அன்றைக்கு இரவே வெட்டு. தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

இதில் திடீர் வெறி எங்கே இருக்கிறது? 'இவன் போய் நம்மைப் பற்றிப் புகார் கொடுப்பதா' என்ற ஆத்திரம் ஒரு பையனுக்குத் தானாக முளைக்காது. வீட்டிலும் தெருவிலும் பேசுவதைக் கேட்டு, கையில் கட்டும் எந்தக் கலர் கயிறு எந்தச் சாதியுடையது என்று ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டு வளர்கிறான். அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கிவிட்டார். நாங்குநேரிக்கு அப்புறம் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் மறுபடியும் அதையே பரிந்துரைத்தது! (பையன்கள் மறந்தாலும் பெரியவர்கள் மறக்க விடுவதில்லை.)

அமெரிக்கத் துப்பாக்கிச் சூடுகளின் பின்னணி வேறு. ஆனாலும் அங்கே 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அரசு அறிக்கையில் நமக்கும் ஒரு விஷயம் இருக்கிறது: இப்படிப்பட்ட பையன்தான் செய்வான் என்று அடையாளம் சொல்ல முடியவில்லை, ஆனால் பெரும்பாலானவற்றில் யாராவது ஒருவருக்கு, அநேகமாக ஒரு மாணவனுக்கு, முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அதனால் முரட்டுப் பையன் யார் என்று தேடாதீர்கள். தொடர்ந்து லீவு போடுகிறவன் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். புகார் வாங்கினால், கொடுத்தவன் பெயர் அன்று சாயங்காலமே தெருவுக்குப் போய்விடும் என்று வைத்துக்கொண்டே அடுத்த வேலையைச் செய்யுங்கள். எதிர்த்தரப்பை விசாரிப்பதற்கு முன்னால் இவன் பத்திரமாக இருக்க ஏற்பாடு வேண்டும், மிரட்டல் இருந்தால் போலீசுக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.