கீசர் தண்ணில நூடுல்ஸ் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

அக்கா, நான் வேளச்சேரில பி.ஜி.ல தங்கி வேலைக்குப் போறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல கிச்சனைப் பூட்டிடுவாங்க, ரூம்ல ஒரு கெட்டில் மட்டும் இருக்கு. சீக்கிரம் கொதிக்கட்டும்னு பாத்ரூம் கீசர் தண்ணியப் பிடிச்சு கெட்டில்ல ஊத்தி நூடுல்ஸ் போடுறேன். கப் நூடுல்ஸ்னா நேரா டாப்ல பிடிச்சே ஊத்திடுவேன். ரூம்மேட் திட்டுறா. தப்பா?

ரூம்மேட் சொல்றதுதான் சரி மா. ஆனா பயந்துடாத, இத்தனை நாள் சாப்பிட்டதுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு அர்த்தம் இல்ல.

முதல்ல அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு யோசி. போரோ டேங்கர் லாரியோ, சம்ப்ல இறங்கி, மொட்டை மாடி டேங்க்ல ஏறி, அங்கிருந்து கீசருக்குள்ள வந்து மணிக்கணக்கா உக்காந்திருக்கும். நீ குடிக்கிற கேன் தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. போன வருஷம் எங்க வீட்டு கீசரை சர்வீஸ் பண்ண வந்த தம்பி கழட்டிக் கவுத்தப்ப, சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெள்ளையா அரை மக் அளவுக்குக் கொட்டுச்சு, உள்ள இருந்த மெக்னீசியம் கம்பி பாதி கரைஞ்சே போயிருந்துச்சு. டேங்க் துருப்பிடிக்காம இருக்கத்தான் அந்தக் கம்பிய வைக்கிறாங்க, அது கரையணும்னே வச்சது, விஷமும் இல்ல. ஆனா அதைப் பாத்த பிறகு அந்தத் தண்ணில ஒரு டீ போடக்கூட எனக்கு மனசு வரல.

பெரிய விஷயம் காரீயம், அதாவது லெட்ங்கற விஷ உலோகம். பித்தளை டாப், பழைய பைப் ஜாயின்ட், பழைய பி.வி.சி. பைப் இதுலல்லாம் கொஞ்சமா காரீயம் இருக்கலாம். பி.வி.சி. பைப்ல காரீயம் சேக்கறதுக்கு நம்ம நாட்டுல கட்டுப்பாடு கொண்டு வந்ததே 2021லதான். பச்சத்தண்ணிய விட சுடுதண்ணி இதையெல்லாம் வேகமா கரைக்கும், அதுலயும் ராத்திரி பூரா தேங்கி நின்ன தண்ணின்னா இன்னும் ஜாஸ்தி. அதனாலதான் அமெரிக்காவுல சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈ.பி.ஏ., நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. ரெண்டுமே குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க குளிர்ந்த தண்ணி டாப்பையே திறங்கன்னு சொல்றாங்க. கொதிக்க வச்சா சரியாயிடும்னு நினைக்காத. கிருமி சாகும், காரீயம் அப்படியேதான் இருக்கும், தண்ணி வத்த வத்த அதோட அளவு கூடத்தான் செய்யும்.

(ஈயச்சொம்புல ரசம் வைக்கிறோமே, அது மட்டும் பரவாயில்லையான்னு யாராவது எழுதுறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், அது வெள்ளீயம், வேற உலோகம். காரீயம் கலந்த போலிச் சொம்புதான் ஆபத்து.)

சரி, இவ்ளோ பண்ணி எவ்ளோ நேரம் மிச்சம் பிடிக்கிற? நான் கணக்குப் போட்டேன். ரெண்டு பாக்கெட்டுக்கு அரை லிட்டர், 1500 வாட் கெட்டில். 30 டிகிரி தண்ணி கொதிக்க கிட்டத்தட்ட 100 செகண்ட், 60 டிகிரி கீசர் தண்ணின்னா 55 செகண்ட். முக்கால் நிமிஷம்! மசாலா பாக்கெட்டை பல்லால கடிச்சுக் கிழிக்கவே அவ்ளோ நேரம் ஆகும்.

கப் நூடுல்ஸ் விஷயம் இன்னும் மோசம், ஏன்னா அங்க கொதிக்கவே இல்ல. நூடுல்ஸை ஃபேக்டரிலயே ஆவில வேக வச்சு எண்ணெய்ல பொரிச்சுதான் அனுப்புறாங்க, அதனால வெதுவெதுப்பான தண்ணியிலயும் ஊறி சாப்பிடற மாதிரி ஆயிடும், நீயும் வெந்துடுச்சுன்னு நினைச்சுப்ப. ஆனா மாடி டேங்க்ல புறா எச்சமோ பாசியோ என்ன இருந்துச்சோ அந்தக் கிருமியெல்லாம் அப்படியே வயித்துக்குள்ள போகும். கேன் தண்ணிய கெட்டில்ல ஊத்து, தளதளன்னு கொதிக்க விடு, அப்புறம் கப்ல ஊத்தி மூடி வை.

எங்க வீடு கோயமுத்தூர். மாடில சோலார் ஹீட்டர் போட்டிருக்கோம். கேஸ் விக்கிற விலைக்கு, அந்தச் சுடுதண்ணிலயே உலை வச்சா மிச்சமாகுமேன்னு வீட்டுக்காரர் சொல்றார். வேணும்னா ஆர்.ஓ.ல விட்டு எடுத்துக்கலாம்ங்கறார். செய்யலாங்களா?

அவர் சொல்ற சிக்கனக் கணக்கு தப்பில்லைங்க, தண்ணிதான் தப்பு. சோலார் டேங்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாவே இருந்தாலும், வெயில் இல்லாத நாள்ல தண்ணி வெதுவெதுன்னு அதுலயே கிடக்கும், அந்தச் சூடு கிருமி வளர ரொம்ப தோது. அங்கிருந்து கிச்சன் வரைக்கும் வர்ற பைப், வால்வு, டாப் எல்லாத்தையும் சேத்துக்கங்க. சோறு, பருப்புன்னா உலைத் தண்ணிய முழுசா இழுத்துக்கும், வடிக்கறதும் இல்லைன்னா தண்ணில இருக்கறதெல்லாம் தட்டுக்குத்தான் வரும். ஆர்.ஓ.ல சுடுதண்ணிய மட்டும் விட்டுடாதீங்க, உள்ள இருக்கிற வடிகட்டிச் சவ்வு (மெம்பரேன்) கெட்டுப்போயிடும், அதை மாத்துற காசுக்கு சிலிண்டரே வாங்கிடலாம். பாத்திரம் கழுவ, தோசைக்கல்லு எண்ணெய்ப் பிசுக்குப் போக்க சோலார் தண்ணி அருமைங்க.

பொண்ணு லண்டன்ல படிக்கிறா. அங்க கிச்சன்ல சுடுதண்ணிக்கு ஒரு டாப், பச்சத்தண்ணிக்கு ஒரு டாப்னு தனித்தனியா இருக்காம். டாப் தண்ணியவே குடிக்கிற ஊர்தானே, சுடுதண்ணி டாப்ல பிடிச்சா என்னன்னு கேக்குறா.

அங்க பழைய வீடுகள்ல சுடுதண்ணி, கூரைக்குக் கீழ இருக்கிற தொட்டில நின்னு, தண்ணி சூடாக்கி வைக்கிற சிலிண்டர் வழியா வரும். கிச்சன் பச்சத்தண்ணிதான் மெயின் லைன்ல இருந்து நேரா வர்றது, குடிக்க அதுதான். 1970க்கு முன்னாடி கட்டின வீடுன்னா காரீயப் பைப்பே இருக்க வாய்ப்பு உண்டு, ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் காலைல எழுந்ததும் பச்சத்தண்ணி டாப்பைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டுட்டு, தண்ணி நல்லா சில்லுன்னு வந்த பிறகு கெட்டில்ல பிடிக்கட்டும். முதல்ல வர்ற தண்ணிய ஒரு பாத்திரத்துல பிடிச்சு வச்சா தரை துடைக்க ஆகும்.