கிராஃபிங் கால்குலேட்டர்கள் ஏன் இன்னும் பழைய காலத்து ஹார்டுவேரிலேயே ஓடுகின்றன?

போன் கண்ணிமைக்கும் நேரத்தில் போடும் வரைபடத்தை, நூறு டாலருக்கு மேல் விலை வைத்த கிராஃபிங் கால்குலேட்டர் (சமன்பாட்டைக் கொடுத்தால் வரைபடமாகக் காட்டும் கருவி) ஊர்ந்து ஊர்ந்து வரைகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு (கருவிகளுக்குள் இருக்கும் குட்டிக் கணினிச் சில்லுகளுக்கு) நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். என் மேசையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் பழைய கால்குலேட்டர் டிஐ-84 பிளஸ் ஒன்று கிடக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

இந்த மாடல் 2004-ல் வந்தது. உள்ளே இருப்பது 15 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 வகைச் செயலி. இசட்80 என்பது ஸைலாக் நிறுவனம் 1976-ல் வெளியிட்ட 8-பிட் வடிவமைப்பு. நமக்குக் கிடைக்கும் ராம் 24 கிலோபைட்தான். திரையில் அகலத்துக்கு 96, உயரத்துக்கு 64 என்று மொத்தம் 6,144 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் என்று கணக்குப் போட்டால் முழுத் திரையும் 768 பைட்டில் அடங்கிவிடும். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் யூனிகோடின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். ஆக, 256 குறிகள் தட்டினாலே அந்தத் திரை அளவு இடம் காலி!

சரி, சைன் வளைகோடு வரைய ஏன் இவ்வளவு நேரம்? திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு முறை சைன் மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இசட்80-ல் பெருக்கலுக்கென்று ஒரு கட்டளையே கிடையாது. கூட்டியும் பிட்டுகளை நகர்த்தியும்தான் பெருக்கியாக வேண்டும். போதாததற்கு, இந்தக் கால்குலேட்டர் எண்களை மற்றக் கணினிகள் மாதிரி இரும வடிவில் (0, 1 மட்டும் கொண்டு) வைப்பதில்லை. தசம இலக்கங்களாகவே வைக்கிறது: எண் ஒன்றுக்கு 9 பைட், அதில் 14 இலக்கம். 8-பிட் செயலி இதை இரண்டிரண்டு இலக்கமாக மென்று விழுங்க வேண்டும்.

கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் எண்களை இரும வடிவில் வைக்கும் உங்கள் கணினியில் பைத்தான் நிரல்மொழியைத் திறந்து 0.1 + 0.2 - 0.3 என்று போட்டுப் பாருங்கள். பூஜ்ஜியம் வராது, மிகச் சிறியதாக ஏதோ ஒரு மிச்சம் நிற்கும். கால்குலேட்டரில் சுத்தமாக 0 வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்த மிச்சத்தை விளக்கிக்கொண்டிருக்க எந்த ஆசிரியருக்குப் பொறுமை இருக்கிறது? இந்த ஒரு விஷயத்தில் நான் கால்குலேட்டர் பக்கம்.

இதெல்லாம் 'ஏன் மெதுவாக' என்பதற்கான பதில். 'ஏன் இன்னும்' என்பதற்கான பதில் சில்லுக்குள் இல்லை, தேர்வு அறையில் இருக்கிறது. முதல் கிராஃபிங் கால்குலேட்டரான காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி 1985-ல் வந்தது. நிரல் எழுத அதில் 422 பைட் இடம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-81 வந்தது 1990-ல். அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரி அளவுக் கணிதத்தில் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வுக்கு 1995 முதல் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயமானது. அதற்குப் பிறகு பாடப்புத்தகங்கள் 'இந்தப் பொத்தானை அழுத்து, அடுத்து அதை அழுத்து' என்றே எழுதப்பட்டன. பொத்தானின் இடத்தை மாற்றினால் வகுப்பே குழம்பும். எதை வாங்க வேண்டும் என்று சொல்பவர் ஆசிரியர், காசு கொடுப்பவர் பெற்றோர், பயன்படுத்துவது மாணவர். மருந்துச் சீட்டு வியாபாரம் மாதிரிதான். இதில் வேகமான செயலி வேண்டும் என்று யார் போய்ச் சண்டை போடுவது?

வேகமாகச் செய்யத் தெரியாமல் இல்லை. எச்பி பிரைம், டிஐ-என்ஸ்பயர் போன்ற கால்குலேட்டர்கள் எல்லாம் போனில் இருப்பது போன்ற ஏஆர்எம் செயலியில்தான் ஓடுகின்றன. ஆனால் திறமை கூடினால் தேர்வு நடத்துபவர்களுக்குச் சந்தேகமும் கூடும். 1995-ல் வந்த டிஐ-92 இயற்கணிதச் சமன்பாடுகளைக் x, y என்ற குறியீடுகளாகவே வைத்துத் தீர்த்தது. அதை அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்குள் விடவில்லை. காரணம் அந்தத் திறமைகூட இல்லை, தட்டச்சு இயந்திரம் போன்ற விசைப்பலகை! பிறகு கிட்டத்தட்ட அதே மூளையைச் சாதாரண பொத்தான்களோடு டிஐ-89 என்று 1998-ல் கொண்டுவந்தார்கள். எஸ்ஏடி அதை ஏற்றது, அதே மாதிரியான இன்னொரு தேர்வான ஏசிடி ஏற்கவில்லை. இந்தக் கூத்தைப் பார்த்த பிறகு எந்த நிறுவனம் துணிந்து புதுசாகச் செய்யும்?

அதனால்தான் 2015-ல் வந்த டிஐ-84 பிளஸ் சிஇ-யும் பழைய வழியை விடவில்லை. வண்ணத் திரை வந்தது, ரீசார்ஜ் பேட்டரி வந்தது. செயலியோ 48 மெகாஹெர்ட்ஸ் ஈஇசட்80, இசட்80-ன் நேரடி வாரிசு. 2024-ல் ஸைலாக் தனி இசட்80 சில்லுக்கு இனி ஆர்டர் வாங்குவதில்லை என்று அறிவித்தபோது, "உன் கால்குலேட்டர் கதை முடிந்தது" என்று அலுவலகத்தில் கிண்டலடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. என் மேசையில் இருப்பதிலேயே தனி இசட்80 சில்லு கிடையாது; அந்த வடிவமைப்பை வேறு சில்லுக்குள் புதைத்துவிட்டிருக்கிறார்கள்.

இப்போது எஸ்ஏடி தேர்வே கணினிக்குள் போய்விட்டது, தேர்வு மென்பொருளுக்குள்ளேயே டெஸ்மோஸ் வரைபடக் கருவியும் இருக்கிறது. உங்களுக்கு வரைபடம் மட்டும் போதும் என்றால் டெஸ்மோஸையோ ஜியோஜீப்ராவையோ இலவசமாகத் திறந்துகொள்ளுங்கள். தேர்வுக்காக வாங்குவதென்றால் மெகாஹெர்ட்ஸைப் பார்க்காதீர்கள். அந்தத் தேர்வின் அனுமதிப் பட்டியலை முதலில் பாருங்கள்.