கிழவனும் கடலும்: மனோலின் எதற்கு?

கிழவர் சாண்டியாகோ தனியாகத்தானே கடலில் கிடக்கிறார், அப்புறம் அந்தப் பையன் மனோலின் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெமிங்வேயின் 1952 நாவலுக்கு உயிரே அவன்தான். 84 நாளாகக் கிழவருக்கு மீன் இல்லை. 40 நாளிலேயே பெற்றோர் அவனை அவர் படகிலிருந்து வேறு படகுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் சாயங்காலம் வந்துவிடுவான். சாப்பிட என்ன இருக்கிறது என்பான். மஞ்சள் சோறும் மீனும் என்பார் சாண்டியாகோ. அப்படி ஒரு பானையே இல்லை. வீச்சுவலையை எடுத்துக்கொள்ளட்டுமா என்பான். அதை விற்றது அவனுக்கே நினைவிருக்கிறது. தினமும் இதே நாடகம். கிழவரின் மானத்தை எவ்வளவு பதமாகக் காக்கிறான் பாருங்கள்! பிறகு அவனே பீன்ஸும் சோறும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவருகிறான். நடுக்கடலில் 'பையன் இல்லையே' என்று அவர் புலம்புவது தூண்டில் கயிற்றைப் பிடிக்க ஆளில்லாமல் மட்டுமல்ல. திரும்பி வந்தவரின் கைகளைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே காபி வாங்கப் போகிறான் மனோலின்.