தமிழ்நாட்டின் வட்டார வழக்குகளையும் வட்டார அடையாளத்தையும் ஆய்வு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

முதுகலை ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்க நினைப்பதாகவும், எந்த ஊரில் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக, 'தமிழ்நாட்டின்' என்பதைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு மாநிலம் ஒரு ஆய்வேட்டுக்குள் அடங்காது. இரண்டு வட்டாரங்கள் முட்டிக்கொள்கிற ஒரு துண்டு நிலம் போதும். நான் எடுத்துக்கொண்டது கரூரிலிருந்து குளித்தலை வரை காவிரியை ஒட்டிய ஊர்கள். மேற்கே போனால் கொங்கு, கிழக்கே போனால் திருச்சிப் பக்கம். பஸ்ஸில் ஏறினால் ஒரே நாளில் போய்வந்துவிடலாம், ஆனால் அதற்குள் கேட்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது.

அடுத்து, எல்லோரும் செய்கிற மாதிரி வித்தியாசமான சொற்களைப் பட்டியல் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். அதை ஏற்கெனவே பெரியவர்கள் அருமையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணின் பேச்சைத் தொகுத்த வட்டார அகராதி 1982ல் வந்தது, கொங்குக்கும் கடலூர், விழுப்புரம் பக்கமான நடுநாட்டுக்கும் அப்புறம் அகராதிகள் வந்தன. அவற்றைப் படித்துவிட்டுப் போங்கள், ஆனால் உங்கள் காது வினைமுற்றில் இருக்கட்டும். 'பார்க்கிறேன்' என்பது திருநெல்வேலியில் 'பாக்கேன்' ஆகும், 'சொல்கிறேன்' என்பது 'சொல்லுதேன்' ஆகும். ஈரோடு, கோவைப் பக்கம் 'போகோணும், சொல்லோணும்'. மதுரை, சிவகங்கைப் பக்கம் பெரியவர்கள் 'வந்தாக, போனாக'. பழத்தில் இருக்கிற ழகரம் தெற்கே 'பளம்' என்றும் சென்னைப் பக்கம் 'பயம்' என்றும் வருவது உங்களுக்கே தெரியும். ஊரை விட்டுப் போனவர் சொற்களைச் சுலபமாக மாற்றிக்கொள்வார், ஆனால் கோபத்திலும் அவசரத்திலும் வாயில் வந்து விழுவது இந்த விகுதிகள்தான்.

எல்லை விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொங்கு மண்டல சதகம் என்ற பழைய செய்யுள் நூல் கொங்கு நாட்டுக்குக் கிழக்கே மதிற்கரை, தெற்கே பழநி, மேற்கே வெள்ளிமலை, வடக்கே பெரும்பாலை என்று எல்லை சொல்கிறது. அந்த மதிற்கரை, கரூருக்கும் குளித்தலைக்கும் நடுவே மாயனூரை ஒட்டிய மதுக்கரைதான் என்பார்கள். அப்படியென்றால் அந்த ஊர் தாண்டியதும் பேச்சு மாறிவிட வேண்டும் அல்லவா? மாறவில்லை. 'போகோணும்' ஓரிடத்தில் நிற்கிறது, பேச்சுக்குப் பேச்சு வரும் 'ங்க' இன்னும் கொஞ்ச தூரம் போகிறது, அப்பாரு (அப்பாவின் அப்பா), அப்பிச்சி (அம்மாவின் அப்பா), அம்மிச்சி (அம்மாவின் அம்மா) போன்ற கொங்கு உறவுப் பெயர்கள் வேறெங்கோ முடிகின்றன. ஒரே கோடாக எதுவும் கிடைக்காது. கிடைத்துவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதினால் அதை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் மக்களிடமே கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர்கள் மட்டும் போட்ட வெற்று வரைபடத்தைக் கையில் கொடுத்து, 'நம்ம மாதிரிப் பேசுறவங்க எது வரைக்கும் இருக்காங்க, வட்டம் போடுங்க' என்று சொல்லுங்கள். டென்னிஸ் பிரஸ்டன் என்ற மொழியியலாளர் பரவலாக்கிய முறை இது. நான் கேட்டவர்களில் பலர் போட்ட வட்டம் தாலுகா எல்லையோடும் பொருந்தவில்லை, பேச்சு எல்லையோடும் பொருந்தவில்லை. பெண் கொடுத்து எடுக்கிற ஊர்கள் எதுவரை, மாடு விற்கப் போகும் சந்தை எதுவரை என்பதோடுதான் பொருந்தியது. சம்பந்தம் போகிற தூரம் வரைதான் 'நம்ம பக்கம்'. வட்டார அடையாளம் என்று நீங்கள் தேடுவது அங்கேதான் இருக்கிறது என்பது என் அழுத்தமான எண்ணம்.

இதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. சம்பந்தம் என்றாலே சாதி வந்துவிடுகிறது. தெரு மாறினால் பேச்சு மாறும் என்பதை ஏ.கே. ராமானுஜன், வில்லியம் பிரைட் போன்ற மொழியியலாளர்கள் 1960களிலேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஒரு வட்டாரத்தின் பெயரில் பதிவாவது பெரும்பாலும் அங்கே நிலம் வைத்திருக்கிற சாதியின் பேச்சுதான். காலனியில் இருப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே, அவர்கள் பேசுவது ஏன் அந்த வட்டாரத் தமிழாகக் கணக்கில் வருவதில்லை? முதல் வாரமே எல்லாத் தெருவுக்கும் போங்கள். தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தொடங்கினால் அப்புறம் மற்ற தெருக்களில் யாரும் மனசு விட்டுப் பேச மாட்டார்கள்.

ஒலிப்பதிவில் ஒரு சிக்கல் வரும், போனை நீட்டினால் எல்லோரும் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்கள். ஒரு பாட்டியிடம் 1977ல் திருச்சிப் பக்கம் வந்த வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். 'மக்கள் மிகவும் சிரமப்பட்டார்கள்' என்று செய்தி வாசிப்பது போலச் சொன்னார். பக்கத்தில் இருந்த மருமகள், அன்றைக்கு மாடு கட்டியிருந்தது கொல்லையில் இல்லை, வாசலில் என்று குறுக்கே பேசினார். அவ்வளவுதான், என்னை மறந்து மருமகளோடு சண்டைக்கே போய்விட்டார், எனக்கு வேண்டிய பேச்சு முழுக்க அந்தச் சண்டையில் வந்தது. ஆகவே ஒருவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். இரண்டு பேரைப் பேசவிட்டு நீங்கள் ஓரமாக இருங்கள்.

யார் அப்படிப் பேசுகிறார் என்பதோடு, ஏன் அதை விடாமல் வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1963ல் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். சுற்றுலாக்காரர்கள் வந்து குவிந்த அந்தத் தீவில், ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்று நினைத்தவர்களின் உச்சரிப்பில்தான் ஊர்ச் சாயல் தூக்கலாக இருந்தது, கிளம்பிவிட நினைத்தவர்களிடம் குறைவாக இருந்தது. நம் ஊர்களிலும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளிடமும், ஊரிலேயே விவசாயம் பார்க்கிற பிள்ளைகளிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

பதிவு செய்வதற்கு முன் அனுமதி வாங்குங்கள், எதற்காக என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள். ஆய்வேட்டில் ஆட்களின் பெயர் வேண்டாம், வயது, தெரு, தொழில் போதும். சின்ன ஊர் என்றால் தெருவையும் எடுத்துவிடுங்கள், படிப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.